உணர்மயிர் செல்: காதுக்குள் ஒரு தவறான முடி

ஆங்கிலத்தின் ‘ஹேர் செல்’லை மதுரைப் பக்கம் வகுப்பறைக் கரும்பலகையில் ‘மயிர் செல்’ என்று எழுதினால் கடைசி பெஞ்ச் சிரிக்கும். தெருவில் வசவாகிப்போன சொல். அந்தக் கூச்சத்தில் சிலர் ‘முடி செல்’ என்று மாற்றிவிடுகிறார்கள். அது இன்னும் மோசம். ‘மீன்களில் முடி செல் மறுவளர்ச்சி’ என்ற தலைப்பைப் பார்ப்பவர், வழுக்கைக்கு மருந்து வந்துவிட்டது என்றுதான் நினைப்பார்.

இது காதின் உட்புறத்தில் இருக்கும் உணர்வு செல். உச்சியில் குச்சி குச்சியாக ஒரு கற்றை நீட்டிக்கொண்டிருக்கும். அதிர்வில் கற்றை சாய்ந்தால் அயனிகள் உள்ளே நுழையும், நரம்புக்குச் செய்தி போகும். 1851இல் இத்தாலிய உடற்கூறியலார் அல்ஃபோன்சோ கார்ட்டி, உட்காதில் சுருண்டிருக்கும் செவிச்சுருளின் உட்புறத்தை விவரித்த பிறகு, 19ஆம் நூற்றாண்டு உடற்கூறியலார் இந்தக் கற்றையைப் பார்த்தே பெயரிட்டார்கள். உண்மையில் அதில் தலைமுடியின் கெரட்டின் துளியும் இல்லை. நிறைந்திருப்பது ஆக்டின் என்ற வேறொரு புரதத்தின் இழைகள். இந்தக் குச்சிகளுக்கு வைத்த ‘ஸ்டீரியோசிலியா’ என்ற பெயரும் பிழைதான். கிரேக்கத்தில் ‘ஸ்டீரியோஸ்’ திண்மை, லத்தீனில் ‘சிலியம்’ இமை. நம் பாடநூல் சிலியாவைக் ‘குற்றிழை’ என்கிறது. இவை குற்றிழைகளே அல்ல.

ஆகவே ‘உணர்மயிர் செல்’ என்பதே எங்கள் பரிந்துரை. ‘மயிரிழையில் தப்பினான்’, ‘மயிர்க்கூச்செறிந்தது’ என்று கூசாமல் எழுதுகிறோமே, இதற்கு மட்டும் ஏன் கூச்சம்? ‘மயிரணு’ வேண்டாம், இயற்பியல்காரர் அணுவோடு குழம்பும். ஈழத்து வழக்கில் செல் ‘கலம்’ என்பதால் அங்கே ‘உணர்மயிர்க்கலம்’ பொருந்தும்.

மனிதருக்கு ஒரு காதின் செவிச்சுருளில் சுமார் 15,000 இருக்கும். போனால் போனதுதான். மீனுக்கு மீண்டும் வரும். அதனால்தான் ஆய்வு மீனில் நடக்கிறது.

மீனுக்குக் காது எங்கே என்று கேட்டால் பலர் செவுளைக் காட்டுவார்கள். சண்டையில் ‘செவுள்லயே விடுவேன்’ என்று சொல்கிற ஊராயிற்றே. மீனின் செவுள் மூச்சுக்கு, காது மண்டையோட்டுக்குள். ஆனால் இதே செல்கள் உடம்பின் வெளிப்புறத்திலும் உண்டு. வைகை அணை ரோகு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். செவுள் மூடி முடிகிற இடத்திலிருந்து வால் வரை, செதிலுக்கொரு துளையாகப் புள்ளிக்கோடு ஓடும். அதுவே நீரின் அசைவை உணரும் பக்கக்கோடு. பொரிந்து சில நாளே ஆன வரிமீன் (ஜீப்ரா ஃபிஷ்) குஞ்சில், இச்செல்கள் அடங்கிய பக்கக்கோட்டு உறுப்புகள் தோலின் மேலேயே மொட்டு மொட்டாக இருக்கும். ஆங்கிலத்தில் ‘நியூரோமாஸ்ட்’; ‘சுவை மொட்டு’ போல ‘உணர்மொட்டு’ எனலாம். மருந்தைத் தண்ணீரில் கலந்தாலே போதும், நேரே போய்ச் சேரும். (நம் துணைக்கண்டத்து மீனுக்கு ஆப்பிரிக்கக் குதிரையின் பெயர் எதற்கு? ‘வரிமீன்’ போதும்.)

‘ரீஜெனரேஷன்’ என்பதற்கு ‘மீளுருவாக்கம்’ பரவலாக வழங்குகிறது. விலங்கியல் பாடநூலின் ‘இழப்பு மீட்டல்’ அதைவிடக் கூர்மை. அந்தச் சொல்லிலேயே செய்முறை இருக்கிறது: முதலில் இழப்பு, பிறகு மீட்டல்.

கருவுற்று 5 நாள் ஆன குஞ்சுகளை, உணர்மயிர் செல்களைக் கொல்லும் நியோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் 200 முதல் 400 மைக்ரோமோலார் செறிவுக் கரைசலில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விட்டு, மருந்து கலக்காத வளர்ப்பு ஊடகத்தில் மூன்று நான்கு முறை அலசவேண்டும். செல்கள் செத்ததை ஒளிர்சாயம் ஏற்றி எண்ணி உறுதிசெய்த பிறகே, 24, 48, 72 மணி நேரத்தில் எத்தனை மீண்டன என்ற கணக்கு. இந்த நடுப்படியை விட்டால் எல்லாம் வீண். போர்வெல் கடினநீரில் கரைசல் கலக்கினால், கால்சியமும் மெக்னீசியமும் மருந்து உள்ளே போவதைத் தடுக்கும், செல்கள் சாகாது. மூன்றாம் நாள் பார்த்து ‘முழுதாக மீண்டுவிட்டது’ என்று எழுதுவார்கள். இழக்காததை எப்படி மீட்பது? செம்புக்குடத்தில் வைத்த தண்ணீர் நேர்மாறு: தாமிரம் மருந்துக்கு முன்பே செல்களைக் கொன்றுவிடும். அளவு மிஞ்சினால் அடியிலிருக்கும் தாங்கு செல்களும் போகும். அவை பிரிந்துதான் புதிய உணர்மயிர் செல்கள் வருகின்றன. இவற்றைத் ‘துணை செல்’ என்று எழுதாதீர்கள். தாவரவியலில் அது புளோயத்தில் இருக்கும் வேறொன்று.

வெப்பம் 28.5 டிகிரி செல்சியஸ். சித்திரைத் திருவிழாச் சமயத்து மதுரை அறையில் இன்குபேட்டர் இல்லாமல் விட்டால் குஞ்சு வேகமாக வளர்ந்து, ‘5 நாள்’ என்ற கணக்குக்கே பொருளில்லாமல் போகும். மருந்து காணாத அதே வயதுக் குஞ்சுகளையும் கூடவே எண்ணுங்கள். வளர்கிற மீனில் செல்கள் தாமாகவும் கூடும்.

தலைப்பு எழுதும்போது ‘பக்கக்கோட்டு உணர்மயிர் செல்களின் இழப்பு மீட்டல்’ என்று முழுதாக எழுதுங்கள். ‘மீனின் காது மீண்டது’ என்றால் பிழை. இந்தச் சோதனையில் எண்ணியது காதில் இல்லை.