19,569 பெயர்கள், 121 மொழிகள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் "உங்கள் தாய்மொழி என்ன?" என்று வீடு வீடாகக் கேட்டார்கள். மக்கள் சொன்ன விடைகளில் 19,569 வெவ்வேறு பெயர்கள் இருந்தன. கடைசியில் அரசு வெளியிட்ட பட்டியலில் இருந்த மொழிகள் 121. மற்ற பெயர்களெல்லாம் எங்கே போயின? இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். பெங்களூரில் இருக்கும் தமிழர்களுக்கு இதில் நேரடிச் சம்பந்தமும் உண்டு.

கணக்கெடுப்பின் விதிப்படி, ஒருவரிடம் குழந்தைப் பருவத்தில் அவருடைய தாய் பேசிய மொழிதான் தாய்மொழி. தாய் அப்போதே இறந்திருந்தால், அந்த வயதில் வீட்டில் பேசிய மொழி. ஒரே வீட்டில் ஆளுக்கொரு தாய்மொழி இருக்கலாம். கேட்க வருபவர் சொன்ன பெயரை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். அது தனி மொழியா, வட்டார வழக்கா என்று தீர்மானிப்பது அவர் வேலை இல்லை. மதத்தை வைத்து மொழியை ஊகிக்கவும் கூடாது. நல்ல விதிகள்தான், என்னைக் கேட்டால் மிக நல்ல விதிகள்.

சரி, அல்சூரில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பாட்டி ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். அவரும் அவருடைய தங்கையும் பேசிக்கொள்வது தெலுங்கு. அம்மா பிள்ளைகளிடம் பேசுவது தமிழ், அதிலும் "ஸ்வல்ப தள்ளி உக்காரு" என்கிற பெங்களூர்த் தமிழ். பிள்ளைகளுக்குள் கன்னடமும் இங்கிலீஷும். கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போது வாசலில் நிற்பது வீட்டு மருமகன். "எல்லாருக்கும் தமிழ்னே போட்டுக்கோங்க சார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். பாட்டியின் தெலுங்கு அந்த நிமிடமே கணக்கிலிருந்து போய்விடுகிறது. அடுத்த தெருவில், வீட்டுக்குள் தமிழே பேசும் ஒரு குடும்பம் ஊரோடு ஒத்துப்போக 'கன்னடம்' என்று சொல்லியிருக்கலாம். ஆக, யாரும் யாருடைய பேச்சையும் காதால் கேட்டு எடுத்த கணக்கில்லை இது. ஜனங்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வதன் கணக்கு. அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கிறது. தயவுசெய்து பாட்டியையும் வாசலுக்குக் கூப்பிடுங்கள், அவருடைய மொழியை அவரே சொல்லட்டும்.

இப்படிச் சேர்ந்த பெயர்கள் கணக்கெடுப்புத் துறையின் மொழிப் பிரிவுக்குப் போகின்றன. அது கொல்கத்தாவில் இருக்கிறது. ஒரே மொழியைப் பத்து விதமாக எழுதியிருப்பார்கள். சிலர் ஊர்ப் பெயரையும், சிலர் சாதிப் பெயரையும் மொழியின் பெயராகச் சொல்லியிருப்பார்கள். இவற்றைச் சரிபார்த்து ஒன்றுசேர்த்தபோது 1,369 தாய்மொழிகள் தேறின. அடையாளம் காண முடியாத 1,474 பெயர்கள் 'மற்றவை' என்ற தலைப்புக்குள் போயின. அப்புறம் இன்னொரு வாசல்: குறைந்தது 10,000 பேர் பேச வேண்டும். 1961-இல் 1,652 தாய்மொழிப் பெயர்களை வெளியிட்ட அரசு, 1971-இலிருந்து இந்த வரம்பைக் கடைப்பிடிக்கிறது. 2011-இல் அதைத் தாண்டியவை 270. அவற்றையும் குழுக்களாகச் சேர்த்தபோது வந்ததுதான் 121.

இந்த வரம்பால் நீலகிரிப் பழங்குடிகளின் மொழிகளான தோடாவும் கோத்தாவும் பட்டியலிலேயே இல்லை. ஓர் இனத்தின் மொத்த மக்களுமே சில ஆயிரத்துக்குள் இருக்கும்போது, எல்லாருமே தங்கள் மொழியைச் சொன்னாலும் 10,000 வராது. எந்த மொழிக்கு அவசரமாகக் கவனம் வேண்டுமோ, அதையே இந்த விதி மறைத்துவிடுகிறது. இதை நிர்வாக வசதி என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

குழுக்களாகச் சேர்ப்பதும் லேசுப்பட்ட விஷயமில்லை. படகர்களின் மொழி கன்னடத்தின் கீழ் வருகிறது. மதுரைச் சௌராஷ்டிரம் குஜராத்தியின் கீழ். மகாராஷ்டிரத்தில் பேசும் கைக்காடியும் ஆந்திரப் பக்கத்து எருக்கலாவும் தமிழின் கீழ். இந்தியின் 52 கோடிக்கு மேற்பட்ட கணக்குக்குள் போஜ்புரி மட்டுமே 5 கோடி. மைதிலியையும் இந்திக்குள் வைத்திருந்த காலம் உண்டு. 2003-இல் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில், அதாவது அரசு அங்கீகரித்த மொழிகளின் பட்டியலில், இடம் கிடைத்ததும் அது தனியாக வந்துவிட்டது. அதைப் பேசியவர்களின் வாயில் அதற்காக எதுவும் மாறவில்லை.

அப்படியானால், இரண்டு பேச்சுகள் ஒரே மொழியா, வேறுவேறா என்று எப்படிச் சோதிப்பது? முதல் வழி சொற்பட்டியல். கண், நீர், நெருப்பு, இரண்டு, சாப்பிடு என்று எளிதில் கடன் வாங்காத நூறு, இருநூறு சொற்களை இரண்டு பேச்சிலும் கேட்டு எழுதி, எத்தனை ஒத்துப்போகின்றன என்று பார்ப்பார்கள். இது தோராயமான அளவுகோல். சொல் ஒத்துப்போனாலும் பேச்சு புரியாமல் போகலாம்.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது. ஓர் ஊர்க்காரர் தன் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல, இரண்டு மூன்று நிமிடம் பதிவு செய்வார்கள். அதை இன்னோர் ஊரில் ஒருவருக்குப் போட்டுக்காட்டி, இடையிடையே கேள்வி கேட்பார்கள்: பாம்பைப் பார்த்தது யார்? அப்புறம் எங்கே ஓடினார்? பத்துக் கேள்வியில் எத்தனைக்குச் சரியான பதில் வருகிறதோ, அந்த அளவுக்குப் புரிகிறது என்று கணக்கு. செங்கோட்டைப் பக்கத்திலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் கர்நாடகத்துக்கு வந்ததாகச் சொல்லும் சங்கேதிகளின் பேச்சை இப்படிச் சோதிக்கலாம். அதைக் கேட்கும் தமிழருக்கு வேர் தெரியும், வாக்கியம் கைநழுவும்.

ஆனால் பெங்களூரில் இந்தச் சோதனை சுலபத்தில் கைகொடுக்காது. இங்கே ஒரு கன்னடருக்குத் தமிழ் புரிந்தால், அது மொழிகளின் நெருக்கத்தாலா, சினிமாவாலும் பக்கத்து வீட்டாலும் வந்ததா என்று பிரிக்க முடியாது. அதனால்தான் ஆய்வாளர்கள் அந்த மொழியோடு பழக்கமே இல்லாதவர்களைத் தேடிப்பிடிக்கிறார்கள். சிவாஜிநகர் மார்க்கெட்டில் அப்படி ஓர் ஆளைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

நாடளவில் இப்படி மொழிகளைத் திரட்டிய முதல் பெரிய முயற்சி பிரிட்டிஷ் ஆட்சியில் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் கிரியர்சனுடையது. 1894-இல் தொடங்கி 1928-இல் முடிந்தது. 179 மொழிகள், 544 வட்டார வழக்குகள். பைபிளில் வரும் கெட்ட குமாரன் கதையை ஒவ்வொரு பேச்சிலும் மொழிபெயர்த்து வாங்கினார்கள். ஒப்பிட வசதிதான், ஆனால் மொழிபெயர்ப்பில் மூலத்தின் வாக்கிய அமைப்பும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் அந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே இருந்தன. 2010-இல் மொழி ஆய்வாளர் கணேஷ் தேவி வதோதராவிலிருந்து தொடங்கிய மக்கள் மொழி ஆய்வில், மொழியைப் பேசுபவர்களே எழுதினார்கள். 2013-இல் அது சொன்ன எண்ணிக்கை 780.

எண்ணுவது ஒரு வேலை, ஆவணப்படுத்துவது வேறு வேலை. ஆவணம் என்றால் இலக்கணம், அகராதி, பேச்சுப் பதிவுகள் மூன்றும் வேண்டும். பதிவான பேச்சைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குறிப்பார்கள். "அவர் வந்துட்டாரு" என்பதையே பாருங்கள். அதில் 'வந்து' இருக்கிறது, செயல் முடிந்ததைக் காட்டும் 'விடு' இருக்கிறது, இறந்தகாலம் காட்டும் 'ட்' இருக்கிறது, மரியாதை காட்டும் 'ஆர்' இருக்கிறது. ஒரு நிமிடப் பேச்சை இப்படிப் பிரித்து எழுதி முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகும். தோடாவில் நாக்கை ஆட்டிச் சொல்லும் ரகரமே மூன்று இடங்களில் பிறக்கிறது. வெளியாள் காதுக்கு அந்த மூன்றும் பிடிபடவே நாளாகும். மொழியியலாளர் எமனோ 1935-இல் நீலகிரிக்குப் போய்த் தோடா மொழியைக் குறிப்பெடுக்கத் தொடங்கினார். அவருடைய தோடா இலக்கணம் அச்சானது 1984-இல்.

இன்று கருவிகள் நம் கையிலேயே இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஆடியோ சுருக்கப்பட்டது, நுண்ணிய ஒலிகளை ஆராய அது போதாது. ஆவணக் காப்பகங்கள் கேட்பது சுருக்காத 'வேவ்' கோப்பு. ஃபேனை நிறுத்திவிட்டு, மைக்கைச் சட்டையில் குத்தி, நாள், ஊர், மொழி ஆகியவற்றை முதலில் சொல்லிவிட்டுத் தொடங்குவார்கள். அந்தப் பதிவை யாரெல்லாம் கேட்கலாம், இணையத்தில் போடலாமா, குடும்பத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வதா என்பதைப் பேசுபவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தச் சம்மதத்தையும் பதிவின் தொடக்கத்தில் அவருடைய மொழியில், அவர் குரலிலேயே வாங்கி வைப்பது நல்ல வழக்கம்.