பழைய கட்டடத்தில் இசை அரங்கு: சுவரை நம்பலாம், கூரையை நம்பாதீர்கள்

பண்டகசாலையோ தேவாலயமோ, எதை இசை அரங்காக மாற்றினாலும் உரிமையாளர்கள் முதலில் தட்டிக் காட்டுவது சுவரைத்தான். "இரண்டடிக் கல்சுவர், சத்தம் எங்கே போகும்?" சுவர் வழியாகப் போகாது. ஓட்டுக் கூரை, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், கதவிடுக்கு வழியாகப் போகும். மொத்தப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே போதும். மீதி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் வெளியே போகும் சத்தம் 20 டெசிபலுக்கு மேல் குறையாது.

இதற்குச் சுவரில் ஃபோம் ஒட்டுவது வீண்செலவு. கூடத்துக்குள் எதிரொலிக்கும் உயர் அதிர்வெண்களை அது கொஞ்சம் அடக்கும், அவ்வளவுதான். 63 ஹெர்ட்ஸ் பாஸின் (தாழ்ந்த, அதிரும் ஒலியின்) அலைநீளம் சுமார் 5.4 மீட்டர், இரண்டு அங்குல ஃபோம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. எடையும் காற்றிடைவெளியும்தான் வேலை செய்யும். பழைய ஜன்னலைக் கழற்றாமல், உள்பக்கம் 100 முதல் 200 மி.மீ. தள்ளித் தனிச் சட்டத்தில் இரண்டாவது கண்ணாடி போடுங்கள். இரு சட்டங்களும் ஒன்றையொன்று தொடக்கூடாது. வாசலுக்கு இரட்டைக் கதவு, நடுவே சிறு முன்னறை.

கூரைக்கு ஸ்பிரிங் கொக்கிகளில் தொங்கும் இரண்டாவது உட்கூரை நல்ல தீர்வு. ஆனால் இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகை சதுர மீட்டருக்குச் சுமார் 20 கிலோ. 300 சதுர மீட்டருக்கு 6 டன், சட்டங்கள் தனி. இதில் விளக்கு, ஸ்பீக்கர் எடையும் சேரும். பழைய மர உத்திரங்கள் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போடாமல் ஒரு ஆணிகூட அடிக்காதீர்கள்.

இடுக்குகளை அடைத்ததும் காற்றோட்டம் நின்றுவிடும். சைலன்சர் பொருத்திய காற்றுக்குழாய் அவசியம். கூட்டத்தின் வியர்வை ஈரம் குளிர்ந்த சுவரில் படியும். சுண்ணாம்புச் சாந்து அதை வாங்கி மெல்ல வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே சிக்கி, உப்புப் பூத்து, கல் உதிரும். கம்பி, பெட்டி எதைப் பொருத்தினாலும் கல்லில் துளையிடாமல் சாந்து இணைப்பில் பொருத்துங்கள். நாளை கழற்றினாலும் தடம் இருக்காது.

பக்கத்து மனையில் அடுக்குமாடி வரப்போகிறதா? இங்கிலாந்தில் பின்னால் வரும் கட்டுமானமே ஒலித்தடுப்புப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்ற கொள்கை 2018-இல் தேசியத் திட்டமிடல் ஆவணத்தில் சேர்ந்தது. உங்கள் ஊரில் அப்படி விதி இருக்கிறதோ இல்லையோ, கட்டட அனுமதி விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே கச்சேரி இரவின் அளவீட்டோடு எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். வெறும் டிபி-ஏ (மனிதக் காது கேட்கும் விதத்துக்கேற்பத் திருத்திய டெசிபல்) எண்ணை மட்டும் கொடுத்தால் பயனில்லை: அந்த அளவுகோல் 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபலைக் கழித்துவிடும், படுக்கையறையில் குடைவதோ அந்த பாஸ்தான். 63, 125 ஹெர்ட்ஸ் பட்டைகளைத் தனித்தனியே அளந்து பதியுங்கள்.