தண்டா, குருத்தா? ஸ்டெம் செல்லுக்கு ஒரு தமிழ்

"தம்பி, முதுகுத்தண்டுல லைட் அடிச்சா மாமாவோட மூச்சிரைப்பு நின்னுடுமாமே, டிவில சொன்னாங்க?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டார். செய்தியைத் தேடிப் பார்த்தேன். 'தண்டுவட செல்களை ஒளியால் தூண்டி நுரையீரலைச் சீராக்கும் ஆய்வு' என்று போட்டிருந்தார்கள். விஷயம் ஸ்டெம் செல், அதாவது உடம்பில் வேறு செல்களை ஈன்று தரும் செல். ஒருவர் அதைத் 'தண்டு செல்' ஆக்க, அடுத்தவர் தன் பங்குக்கு வடத்தையும் சேர்த்துவிட்டார். இந்தக் கூத்து எனக்குப் புதிதல்ல.

சொல்லின் பிறப்பு எளிது. 1868இல் ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல், பல செல் உயிர்களுக்கெல்லாம் மூதாதையான ஒற்றைச் செல் உயிரை 'ஸ்டாம்செல்லெ' என்றார். 'ஸ்டாம்' என்றால் அடிமரம்; குலம் என்றும் பொருள். அது ஆங்கிலத்தில் 'ஸ்டெம்' ஆயிற்று. அகராதியைப் புரட்டிய நம்மவர் கையில் சிக்கியது கீரைத்தண்டு.

தண்டு வளர்ந்து முடிந்தது. நறுக்கிப் பொரியல் வைக்கலாம், அவ்வளவுதான். ஸ்டெம் செல்லோ தானும் தீராமல், தேவையான வேறு செல்லையும் ஈன்று தருவது. வாழையைக் குறுக்கே வெட்டிப்போட்டு மறுநாள் காலையில் பாருங்கள்: சுற்றியுள்ள மட்டைகள் வெட்டியபடியே நிற்க, நடுவிலிருந்து மட்டும் இளம்பச்சைச் சுருள் ஒன்று மேலே வந்திருக்கும். அதுதான் குருத்து. தென்னையில் குருத்து அழுகினால் மரமே போச்சு. ஆகவே குருத்தணு என்பதே என் கட்சி. குருத்தெலும்போடு குழம்பும் என்கிறார்கள். அங்கேதான் எலும்பு கூடவே நிற்கிறதே! 'மூலச் செல்' என்போரும் உண்டு. 'மூலச் செல் சிகிச்சை' என்று பலகை வைத்துப் பாருங்கள், வருகிறவர்கள் வேறு நோயோடு வருவார்கள்.

நுரையீரலின் காற்றுப்பைச் சுவரைப் பெரும்பாலும் மூடியிருப்பவை மெல்லிய முதல்வகைச் செல்கள். அவை சிதைந்தால் இரண்டாம் வகைச் செல்கள் பெருகி, உருமாறி, அந்த இடத்தை நிரப்பும். நுரையீரலின் குருத்தணுக்களில் முக்கியமானவை இவை. முதுகுக்கும் இவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒளியால் குருத்தணுவைத் தூண்டலாம் என்பது வெறும் கற்பனையும் அல்ல. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2014இல், துளையிட்ட எலிப் பல்லில் குறைந்த ஆற்றல் லேசரைப் பாய்ச்சி, உள்ளிருந்த குருத்தணுக்களைக் கொண்டே பல்திசுவை உருவாக்கிக் காட்டினார்கள். பல்லுக்கு நேரே ஒளி காட்டலாம். நுரையீரல் விலாவுக்குள் இருக்கிறது. மாமா இன்ஹேலரை விடக்கூடாது என்று அத்தையிடம் அழுத்திச் சொன்னேன்.

அதே செய்தியில் 'ஒளிச்சிகிச்சை' என்றும் இருந்தது. அது மஞ்சள் காமாலை கண்ட பச்சைக் குழந்தையை நீலவிளக்கடியில் கிடத்துவதற்கு ஏற்கெனவே வழங்கும் பெயர். இங்கே 'ஒளித்தூண்டல்' என்றால் போதுமே.