ஹிஸ்டீரியாவுக்குத் தமிழ் என்ன? 'கருப்பைப்பித்து' மட்டும் வேண்டாம்

ஹிஸ்டீரியா என்பது வலிப்பு, மூச்சுத்திணறல் போன்றவற்றுக்கு மருத்துவர்கள் வைத்த பழைய நோய்ப்பெயர், நெடுங்காலம் பெண்களின் நோயாகவே எண்ணப்பட்டது. சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவின் 1993ஆம் ஆண்டு வெண்கலச் சிற்பமான 'ஆர்ச் ஆஃப் ஹிஸ்டீரியா'வின் தலைப்பை 'கருப்பைப்பித்தின் வளைவு' என்று பெயர்த்து எழுதுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. (பூர்ஷ்வா அந்த அம்மையாரின் குடும்பப் பெயர்தான், வர்க்கத்தை நினைத்துக் குழம்ப வேண்டாம்.) போதாததற்கு ஒருவர் அதைச் சுருக்கி 'பெண்பித்தின் வளைவு' ஆக்கிவிட்டார். தமிழில் பெண்பித்து என்றால் என்ன, பெண்பித்தன் என்றால் யார் என்று டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். அவருக்கு அது தோன்றவே இல்லை.

சிற்பம் எப்படி இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். பளபளவென்று மெருகேற்றிய வெண்கல உடல், இடுப்பருகே ஒற்றைக் கம்பியில் அந்தரத்தில் தொங்குகிறது. தலை இல்லை. முதுகு பின்பக்கமாக வளைந்து, கைகள் குதிகாலைத் தொட்டுவிடும் தூரத்துக்கு வந்துவிட்டன. அது ஆணின் உடல்! பூர்ஷ்வாவின் உதவியாளராக இருந்த ஜெர்ரி கோரோவாய்தான் அதற்கு மாதிரி. ஆண் உடம்பை வளைத்துத் தொங்கவிட்டு அதற்கு ஹிஸ்டீரியா என்று பேர் வைத்தாரே, அந்தக் குத்தல்தான் இந்தச் சிற்பத்தின் உயிர். அதன் கீழே 'கருப்பை' என்று எழுதி வைத்தால், படத்தைப் பார்க்காமலேயே தலைப்பைப் பெயர்த்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்?

சொல்லின் மூலம் எளிதுதான். கிரேக்கத்தில் 'ஹிஸ்டெரா' என்றால் கருப்பை, 'ஹிஸ்டெரிகோஸ்' என்றால் கருப்பை சார்ந்தது. கருப்பையை அறுவை செய்து எடுப்பதற்கான ஹிஸ்டரெக்டமியிலும் இதே வேர்தான். பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்தொகுப்பில் ஹிஸ்டீரியா என்ற நோய்ப்பெயர் கிடையாது. கருப்பையால் ஏற்படும் மூச்சுத்திணறல் என்றுதான் பேச்சு. ஐரோப்பிய மருத்துவர்கள் அதைப் பெயர்ச்சொல்லாக்கியது பல நூற்றாண்டுகள் கழித்து. கருப்பை உடம்புக்குள் இடம்விட்டு இடம் அலைகிறது, மேலே ஏறி நெஞ்சை அடைக்கிறது என்று அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் நம்பினார்கள். மூக்கருகே நாற்றமடிக்கும் பொருளையும் கீழே நறுமணத்தையும் வைத்தால் அது பழைய இடத்துக்கே இறங்கிவிடுமாம். கன்னிப்பெண்களுக்கு வந்தால் சீக்கிரம் கல்யாணம் செய்து வைக்கச் சொல்கிறது அந்த ஹிப்போகிரட்டீஸ் தொகுப்பிலுள்ள ஒரு குறுநூல். 'கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாம் சரியாப் போயிடும்' என்று நம் வீடுகளில் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மூலம் இவ்வளவுதான்.

இப்போது கருப்பைப்பித்துக்கு வருவோம். இதை ஆதரிப்பவர்கள் சொல்லும் நியாயம்: மூலச்சொல்லில் கருப்பை இருக்கிறது, தமிழிலும் இருக்கட்டும், வேர் தெரிந்தால் வாசகருக்கு நல்லது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹிஸ்டீரியா என்று சொல்லும்போது பிரெஞ்சுக்காரருக்கோ ஆங்கிலேயருக்கோ கருப்பை நினைவுக்கு வருவதில்லை, அந்த வேர் புதைந்து கிடக்கிறது. பெண்ணியக் கலைஞர்கள் செய்த வேலையே அதைத் தோண்டி எடுத்து, 'பாருங்கள், இந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது' என்று காட்டியதுதான். தமிழில் நீங்கள் முதல் வரியிலேயே கருப்பைப்பித்து என்று போட்டுவிட்டால் தோண்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அது போனாலும் போகட்டும், நோய்க்குக் காரணம் கருப்பைதான் என்று ஒரு தீர்ப்பையே சொல்லாக்கிவிடுகிறீர்கள். தமிழில் கூட்டுச்சொல் அப்படித்தான் வேலை செய்யும். கல்லீரல் அழற்சி என்றால் அழற்சி கல்லீரலில், சிறுநீரகக் கல் என்றால் கல் சிறுநீரகத்தில். கருப்பைப்பித்து என்று படிக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு, கருப்பையிலிருந்து ஒரு பித்து கிளம்புகிறது போல என்று தோன்றாமல் வேறென்ன தோன்றும்? ஒழிந்துபோன அவதூறு ஒன்றுக்கு நல்ல தமிழில் புது வாழ்வு கொடுக்கிறோம்.

இந்த நோயால் பேர் வாங்கிய மருத்துவரே கருப்பைக் கதையைத் தாண்டி வந்தவர் என்பது இன்னும் வேடிக்கை. பாரிஸின் சல்பேத்ரியேர் மருத்துவமனையில் ழான் மார்ட்டின் ஷார்கோ இதை நரம்பு மண்டலத்தின் கோளாறு என்றார், ஆண்களுக்கும் வரும் என்று நோயாளிகளைக் காட்டிப் பேசினார். ஆனாலும் பழைய எண்ணம் முழுசாகப் போய்விடவில்லை. தோல்வாரும் திருகும் வைத்த ஒரு கருவியைப் பெண்களின் அடிவயிற்றில் கட்டி, சினைப்பையை அழுத்தினால் வலிப்பு நிற்கும் என்று அங்கே பயன்படுத்தினார்கள். மருத்துவமனைக்குள்ளேயே புகைப்படக் கூடம் அமைத்தார்கள். 1876 முதல் 1880 வரை மூன்று தொகுதிகளாக அந்தப் படங்கள் அச்சாகின. அவற்றில் அதிகம் பேசப்பட்ட பெண் ஒகுஸ்தீன். 1875இல் 14 வயதில் அங்கே வந்தவள். அதற்கு முன்பே கத்தி முனையில் வல்லுறவுக்கு ஆளானவள், அதுவும் மருத்துவக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. படத்தின் அடியிலோ 'கெஞ்சல்', 'பரவசம்' என்று தலைப்பு. 1880இல் அவள் ஆண் உடை போட்டுக்கொண்டு அங்கிருந்து தப்பிப் போய்விட்டாள். 1928இல் பிரெஞ்சு மிகையதார்த்தவாதிகள் (சர்ரியலிஸ்ட் கவிஞர்கள்) இதே படங்களை வெளியிட்டு, ஹிஸ்டீரியாவின் ஐம்பதாம் ஆண்டு என்று கொண்டாடினார்கள். கவித்துவமாகத் தெரிந்ததாம். கொண்டாடியவர்கள் ஆண்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

உடம்பை வில்லாக வளைத்த அந்த நிலையும் சல்பேத்ரியேர் கொடுத்ததுதான். வலிப்பின் ஒரு கட்டமாக அதை வரைந்து, வகைப்படுத்தி, பேரும் வைத்திருந்தார்கள். பூர்ஷ்வா எடுத்துக்கொண்டது அதைத்தான். பெண்ணியக் கலைஞர் மேரி கெல்லி வேறு வழியில் போனார். 1984–85இல் செய்த 'கோர்பஸ்' தொகுப்பில், ஷார்கோவின் கூடத்தில் வழங்கிய ஐந்து உணர்ச்சி நிலைகளின் பிரெஞ்சுப் பெயர்களை அப்படியே தலைப்பாக வைத்தார். உள்ளே பெண்ணின் படம் ஒன்றுகூட இல்லை. தோல் ஜாக்கெட், கைப்பை, பூட்ஸ், இரவு உடை என்று மடித்தும் முறுக்கியும் வைத்த பொருள்கள், பக்கத்தில் நடுவயதைப் பற்றிப் பெண்கள் பேசும் கையெழுத்து. உடம்பைக் காட்டிக் காட்டியே செய்த ஒரு மருத்துவத்துக்கு, காட்ட மாட்டேன் என்பதுதான் அவர் சொன்ன பதில். இதற்கும் தமிழில் 'கருப்பைப்பித்துப் பெண்களின் ஓவியங்கள்' என்று ஒரு வரி எழுதினால் தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றுகிறது.

சரி, மற்ற சொற்கள்? அகராதியில் 'இசிவு', 'இசிப்பு' கிடைக்கும். அழகான சொற்கள், தசை வெட்டி இழுப்பதைச் சரியாகச் சொல்பவை. ஆனால் இசிவு என்றதும் நினைவுக்கு வருவது டெட்டனஸ், அதாவது நம் ஊர்த் தடுப்பூசி அட்டையின் ரண ஜன்னி, ஈழத்தில் ஏற்புவலி. அந்த நோயிலும் உடல் வில்லாக வளையும், அதனால்தான் பழைய வைத்தியத்தில் அதற்குத் தனுர்வாயு என்று பேர். தோற்றம் ஒன்றாக இருப்பதாலேயே இங்கே குழப்பம் இரட்டிப்பாகும். 'நரம்புத் தளர்ச்சி' லாட்ஜ் வைத்தியர்களின் சுவரொட்டிச் சொல்லாகிவிட்டது, அதைத் தொட வேண்டாம். 'சூதகவாயு' மாதவிலக்கு சார்ந்தது, சித்த மருத்துவத்தின் சொந்தக் கணக்கில் வருவது. கிரேக்கச் சொல்லுக்கு அதை வாடகைக்கு விட வேண்டாம்.

ஆகவே கலையிலும் வரலாற்றிலும் 'ஹிஸ்டீரியா' என்றே எழுதுங்கள் என்பேன். கிரந்தம் ஆகாதவர்கள் இசுடீரியா என்று எழுதிக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. நானும் தமிழ் இருக்கும் இடத்தில் கடன் வாங்குவதை விரும்பாதவன்தான். மருத்துவமனை இருக்க ஹாஸ்பிடல் எதற்கு என்று சண்டை போடுபவன். ஆனால் அமெரிக்க உளநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டிலிருந்து 1980இல் நீக்கிவிட்ட ஒரு நோய்ப்பெயருக்கு நாம் ஏன் புதிதாகத் தமிழ் உரு கொடுக்க வேண்டும்? அந்நியமாகவே நிற்கட்டும், அது யார் கண்டுபிடித்த கதை என்பதாவது தெரியும். சிற்பத்தின் தலைப்பு 'ஹிஸ்டீரியா வில்'. வளைவு வேண்டாம், நமக்கு வளைவு என்றாலே மாநாட்டுப் பந்தல் வாசல்தான். வில்லில் நாணேற்றிய இறுக்கமும் இருக்கிறது, வேறெதையும் தேட வேண்டியதில்லை.

இன்றைய மருத்துவத்தில் இதன் இடத்தில் வந்திருப்பதைச் 'செயல்சார் நரம்பியல் கோளாறு' என்று எழுதலாம், நீளம்தான், ஆனால் யாரையும் பழிக்காது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் மயங்கி விழுந்தால் செய்தித்தாள்கள் 'மாஸ் ஹிஸ்டீரியா' என்று போடுகின்றன. அங்கே 'தொற்றுப் பதற்றம்' போதும். நடிகரைப் பார்க்க முண்டியடிக்கும் கூட்டத்துக்கும் அதே சொல்லைப் போடுகிறார்கள். அதற்குத் தமிழில் 'வெறி' என்று ஒரு சொல் சங்க காலத்திலிருந்தே இருக்கிறது.