அச்சு முறுக்கு அச்சைவிட்டு எப்படிக் கழல்கிறது?

அச்சு முறுக்கு அச்சைவிட்டுக் கழன்று வரவில்லை என்றால் பழி முதலில் விழுவது மாவு கரைத்தவர் மேல்தான். "இன்னைக்குக் கை சரியில்ல", "யாரோ கண்ணு வெச்சிட்டாங்க" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் முறுக்கு கழல்வதற்கும் கைராசிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அச்சின் சூடு, அச்சின் மேல்பரப்பு, மாவில் இருக்கும் தண்ணீர் இந்த மூன்றும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன.

டிசம்பர் பாதி ஆகிவிட்டால் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் என்று வட சென்னை முழுக்கக் கிறிஸ்தவர் வீடுகளில் எண்ணெய்ச் சட்டி ஏறிவிடும். எம்.சி. ரோட்டில் துணி எடுத்து, வாசலில் ஸ்டார் கட்டி, குடிலுக்கு வைக்கோல் தேடிக்கொண்டிருக்கும் அதே வாரத்தில்தான் பலகாரமும் சுட வேண்டும். கேக்குக்குப் பழம் ஊறப்போடும் வேலை முன்பே முடிந்திருக்கும். கல்கல், முறுக்கு, அதிரசம் என்று பட்டியல் வீட்டுக்கு வீடு மாறும். அச்சு முறுக்கு அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கும். பெரம்பூர்ப் பக்கம் ரயில்வே வேலையை ஒட்டிக் குடியேறிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் இதையே ரோஸ் குக்கீஸ் என்பார்கள். கேரளத்தில் அச்சப்பம், இலங்கையில் கொக்கிஸ். நார்வே, ஸ்வீடன் வரைக்கும் இதே மாதிரி அச்சை மாவில் தோய்த்துப் பொரிக்கும் கிறிஸ்துமஸ் பலகாரம் உண்டு.

முதலில் மாவு. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்தோடு மில்லில் கொடுத்து அரைத்து வாங்குவார்கள். அந்த ஈரத்துக்குக் காரணம் இருக்கிறது. காய்ந்த அரிசியை அரைத்தால் உராய்வுச் சூட்டிலும் அழுத்தத்திலும் மாவுச்சத்தின் நுண்ணிய மணிகள் நிறைய உடைந்துபோகும். உடைந்த மணிகள் தண்ணீரைக் கண்டபடி உறிஞ்சி மாவைக் கொழகொழப்பாக்கும். ஊறிய அரிசி மெத்தென்று இருப்பதால் மாவும் நைசாக வரும், மணிகளும் அதிகம் உடையாது. பாக்கெட் மாவில் செய்யும்போது அதே அளவுத் தேங்காய்ப்பாலுக்குக் கரைசல் கெட்டியாகிவிடுகிறதே என்று பலரும் சொல்வது பெரும்பாலும் இதனால்தான்.

அரிசியில் கோதுமையைப் போலப் பசைப்புரதம் இல்லை. அதனால் முறுக்கு மொறுமொறுவென்று உடைகிறது. அதனாலேயே மாவுக்குத் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும் வலுவும் குறைவு. அந்தக் குறையை நிரப்பத்தான் ஒரு பிடி மைதாவும் முட்டையும். முட்டையின் வெள்ளைக்கரு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது இறுக ஆரம்பித்து 80 டிகிரிக்குள் கெட்டிப்பட்டுவிடும். அரிசியின் மாவுச்சத்தும் ஏறக்குறைய அதே சூட்டில்தான் தண்ணீரைக் குடித்து வீங்கிக் கூழாகிறது. மஞ்சள்கருவில் இருக்கும் லெசித்தின், தேங்காய்ப்பாலின் கொழுப்பையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்து வைக்கும். கரைசல் தோசை மாவைவிடக் கொஞ்சம் நீர்ப்பாக இருந்தால் சரி.

இப்போது அச்சைப் பார்ப்போம். எண்ணெய் 170 முதல் 180 டிகிரி வரை காய்ந்திருக்க வேண்டும். வீட்டில் வெப்பமானி இருக்காது. ஒரு சொட்டு மாவை விட்டால் அடியில் தங்காமல் உடனே மேலே வர வேண்டும், அவ்வளவுதான். அச்சு அந்த எண்ணெயிலேயே சில நிமிடம் மூழ்கிக் கிடந்து எண்ணெயின் சூட்டையே எட்டியிருக்க வேண்டும். பிறகு எடுத்து, எண்ணெயை நன்றாக வடித்துவிட்டு, முக்கால் உயரம் வரை மட்டும் மாவில் இறக்க வேண்டும்.

'சொய்ங்' என்று ஒரு சத்தம் வருகிறது அல்லவா, வேலை நடப்பது அந்த நொடியில்தான். உலோகத்தைத் தொட்ட மாவில் உள்ள தண்ணீர் கொதிக்கிறது, மாவுச்சத்து கூழாகிறது, முட்டை இறுகுகிறது. அச்சைச் சுற்றி ஒரு மெல்லிய வெந்த தோல் உருவாகி, அதன் மேல் இன்னும் வேகாத மாவு ஒட்டிக்கொள்கிறது. அச்சில் சூடு போதவில்லை என்றால் அந்தத் தோல் உருவாகாது. மாவு வழிந்து சட்டியில் கலந்துவிடும், இல்லாவிட்டால் ஈரமாகவே உலோகத்தின் சந்துகளில் புகுந்து பசை மாதிரி பிடித்துக்கொள்ளும். சத்தம் வராத அச்சை மறுபடி எண்ணெயில் வைப்பதே நல்லது.

சூடு மிஞ்சினாலும் வம்புதான். நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் சட்டென்று வற்றாமல் முத்து முத்தாக உருண்டோடுவதைப் பார்த்திருப்பீர்கள். துளிக்கும் கல்லுக்கும் நடுவில் நீராவிப் படலம் ஒன்று உண்டாகித் துளியைத் தூக்கிப் பிடிக்கிறது. 1756-இல் ஜெர்மன் மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட் இதை விவரித்து எழுதினார். இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. புகையும் எண்ணெயிலிருந்து அச்சை எடுத்து மாவில் இறக்கினாலும் இதே போல ஆவி மாவைத் தள்ளிவிடும். அச்சு வெறுமையாக வெளியே வரும், வெந்த துணுக்குகள் மாவுக்குள்ளேயே கிடக்கும்.

மாவோடு அச்சு எண்ணெய்க்குள் போனதும் சூடு இரண்டு பக்கமிருந்தும் தாக்குகிறது: வெளியே எண்ணெய், உள்ளே உலோகம். தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அந்த ஆவிக்கு எப்படியாவது வெளியேற வேண்டும். ஒரு பகுதி மாவைத் துளைத்துக்கொண்டு போகிறது. முறுக்கை உடைத்துப் பார்த்தால் தெரியும் நுண்ணிய பொந்துகள் அதன் தடம்தான். இன்னொரு பகுதி உலோகத்துக்கும் வெந்த தோலுக்கும் நடுவே வழி தேடி, இரண்டையும் பிரித்துக்கொண்டு மேலே போகிறது. பிரிந்த இடத்தில் எண்ணெய் புகுந்துகொள்ளும். இதற்குள் மாவும் நீர் இழந்து விறைத்துவிடுகிறது. மெத்தென்ற மாவு அச்சின் ஒவ்வொரு வளைவிலும் ஒட்டிக் கிடக்கும்; விறைத்தது பிடிமானத்தை விட்டுவிடும். அப்போது அச்சை லேசாக ஆட்டினாலோ ஒரு குச்சியால் தட்டினாலோ போதும். அவசரப்பட்டு முன்னாடியே ஆட்டினால் பூவிதழ் பிய்ந்துபோகும்.

முக்கால் உயரம் என்று சொன்னதன் காரணமும் இங்கேதான். மாவு அச்சின் மேல்விளிம்பைத் தாண்டி மூடிவிட்டால் ஆவிக்கும் வழியில்லை, முறுக்குக்கும் வழியில்லை. அச்சு உள்ளே சிறைப்பட்டுவிடும்.

அப்படியானால் முதல் ஒன்றிரண்டு மட்டும் ஏன் எப்போதும் ஒட்டுகிறது? கனமான அச்சு முழுதாகச் சூடேற நேரம் பிடிக்கும் என்பது ஒன்று. மற்றது மேல்பரப்பு. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் உலோகத்தில் நுண்ணிய குழிகள் ஏராளம். முட்டைப் புரதம் வெற்று உலோகத்தைத் தொட்டபடி வெந்தால் அதோடு பிணைந்துகொள்ளும். ஆனால் எண்ணெய் மெல்லிய படலமாகத் திரும்பத் திரும்பச் சூடானால் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து உறுதியான பூச்சாக மாறிக் குழிகளை மூடிவிடும். இரும்பு தோசைக்கல் பழகப் பழக ஒட்டாமல் போவது இதே வேதியியல். புது அச்சை எண்ணெயில் ஊறப்போட்டு, காய்ச்சிப் பழக்க வேண்டும் என்று பாட்டிமார் சொன்னது முழுக்கச் சரி. பழகிய அச்சைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்க்கக் கூடாது என்றதும் சரி. தேய்த்தால் அந்தப் பூச்சு போய்விடும். பித்தளை அச்சானால் ஊறவைத்த எண்ணெயில் பலகாரம் சுட வேண்டாம் என்பேன். பித்தளையில் உள்ள செம்பு எண்ணெயைச் சீக்கிரம் காறவைக்கும்.

நிறைய வீடுகளில் இரண்டு அச்சு வைத்திருப்பார்கள். அம்மா ஒன்றில் தோய்த்துப் பொரிக்கும்போது இன்னொன்று எண்ணெயில் காய்ந்துகொண்டிருக்கும். சூடு ஆறவே ஆறாது. பக்கத்தில் ஒரு பிள்ளையை உட்காரவைத்து மாவைக் கிளறிக்கொண்டே இருக்கச் சொல்வதும் சும்மா இல்லை. அரிசிமாவு கனம், சில நிமிடங்களில் அடியில் தங்கும். மேலே சர்க்கரைப்பாலும் கீழே கட்டி மாவுமாகிவிடும். போகப் போகச் சூடான அச்சு பட்டுப்பட்டு மாவு கொஞ்சம் கொஞ்சமாக வெந்து கெட்டியாகவும் செய்யும். கடைசியில் ஒரு கரண்டி தேங்காய்ப்பால் விடுவது அதற்குத்தான். சர்க்கரை கரையாமல் இருந்தால் அந்த மணிகள் உருகிக் கருகி அச்சோடு அச்சாக ஒட்டும். பொடித்துப் போடுவது உத்தமம். அளவு கூடினால் வேகும் முன்பே நிறம் ஏறிவிடும்.

பொரிந்துவிட்டது என்பதைக் குமிழ் சொல்லும். குமிழ் என்பது வெளியேறும் தண்ணீர். அது அடங்கினால் உள்ளே ஈரம் தீர்ந்தது என்று அர்த்தம். இங்கே பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று: முறுக்கு எண்ணெய் குடிப்பது பெரும்பாலும் சட்டிக்குள் அல்ல, வெளியே எடுத்த பிறகுதான். பொரியும்போது ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் எண்ணெய் உள்ளே போக முடியாது. எடுத்து ஆறும்போது உள்ளே மிச்சமிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே சூடாக இருக்கும்போதே சட்டி மேல் பிடித்து உதறி, ஜல்லடையில் செங்குத்தாகச் சாய்த்து வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை எண்ணெயில் இறங்கும், உணவுப் பாதுகாப்பு ஆணையமே இதை எச்சரித்திருக்கிறது.

அப்புறம் நம்ம ஊர்க் காற்று. வடகிழக்குப் பருவமழை இன்னும் முழுதாக விலகாத மாதம், பக்கத்திலேயே கடல். காய்ந்த மாவுச்சத்தும் சர்க்கரையும் கண்ணாடியைப் போல விறைத்த நிலையில் இருப்பதால்தான் முறுக்கு 'மொறுக்'கென்று உடைகிறது. காற்றின் ஈரம் உள்ளே நுழைந்தால் மூலக்கூறுகள் நகர இடம் கிடைத்து விறைப்பு தளர்ந்துவிடும். முழுக்க ஆறிய பிறகே டின்னில் அடுக்க வேண்டும். சூட்டோடு மூடினால் அதன் ஆவியே அதைக் கெடுக்கும். பெரிய டின் ஒன்றைத் திரும்பத் திரும்பத் திறப்பதைவிட, அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்க வேண்டியதைத் தனி டப்பாவில் முன்கூட்டியே பிரித்து வைத்தால் 25-ஆம் தேதி காலையில் தட்டில் வைக்கும்போதும் மொறுமொறுப்பு இருக்கும். நமுத்துப்போனாலும் கவலைப்படத் தேவையில்லை. வெறும் தோசைக்கல்லை மிதமாகச் சூடாக்கி அடுப்பை அணைத்துவிட்டு, அதன் மேல் சில நிமிடம் பரப்பி வையுங்கள். உள்ளே போன ஈரம் வெளியேறிவிடும்; ஆறியதும் பழையபடி உடையும்.