சிங்க்கில் ஊற்றினால் போய்விடாது

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றின் வேதியியல் துறையிலிருந்து போன். "மேடம், வேஸ்ட் பாட்டில் ஒண்ணு வெடிச்சிடுச்சு, கொஞ்சம் வர முடியுமா?" கடந்த ஒன்றரை வருடத்தில் எனக்குத் தெரிந்து இது மூன்றாவது பாட்டில்.

நான் போய்ச் சேர்ந்தபோது அறைக் கதவு திறந்தே கிடந்தது. பெஞ்சுக்கு அடியில் பழுப்புக் கண்ணாடிச் சில்லுகள். எதிர்ச் சுவரில் இடுப்பு உயரம் வரைக்கும் மஞ்சள் தெறிப்பு. கதவோரம் ஒரு மாப், பக்கத்தில் ஒற்றை ரப்பர் செருப்பு. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ஸ்காலர் (ஆராய்ச்சி மாணவர்), சோதனைக்காக நைட்ரிக் அமிலத்தில் கரைத்த மாதிரியின் மிச்சத்தை, அசிட்டோன் என்ற கரைப்பானின் கழிவு சேர்த்திருந்த பாட்டிலிலேயே ஊற்றி, மூடியை இறுக்கித் திருகிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறியிருக்கிறார். நைட்ரிக் அமிலம் அசிட்டோனோடு சேர்ந்தால் வாயு கிளம்பும், இறுக்கிய மூடிக்குள் அழுத்தம் ஏறும்; எம்.எஸ்சி. படித்தவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்கப் போவதில்லை. அந்த ஸ்காலருக்கு ஒரு கீறலும் இல்லை. காலையில் கதவைத் திறந்த துப்புரவுப் பணி அம்மாதான், ஏ.சி.யிலிருந்து தண்ணீர் ஒழுகியிருக்கிறது என்று நினைத்து மாப்போடு உள்ளே போனார். பாதத்தில் நான்கு தையல், கணுக்காலில் அமிலப் புண்.

வெடித்த பாட்டிலைப் பற்றி அன்று எல்லோரும் பேசினார்கள். எனக்கு அதைவிட வயிற்றைக் கலக்கியது துறைத் தோழர் ஒருவர் சொன்னதுதான்: "பாட்டில்ல சேர்த்து வெச்சதாலதான் மேடம் இந்த வம்பு. தண்ணியத் தொறந்துவிட்டு சிங்க்லயே ஊத்தியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

இந்த ஒரு வாக்கியத்தை எம்.எஸ்சி. முதலாண்டு மாணவரிடமிருந்தும் கேட்டிருக்கிறேன், முப்பது வருட அனுபவம் உள்ள பேராசிரியரிடமிருந்தும் கேட்டிருக்கிறேன். அதனால் இதை இன்று பொறுமையாகக் கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன்.

நம் வட ஆற்காட்டுப் பக்கத்துத் துறைகளில் குரோமியம் ஆராய்ச்சிக்குப் பஞ்சமே இல்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று, குரோமியம் போட்டுத் தோல் பதனிடும் ஊர்கள் சுற்றிலும் இருக்கின்றன. வேப்பம்பட்டை, புளியங்கொட்டை, தேங்காய் ஓடு என்று கையில் கிடைத்ததையெல்லாம் கரியாக்கி, அது எவ்வளவு குரோமியத்தை உறிஞ்சுகிறது என்று பார்க்கிறோம். நல்ல வேலைதான், நானும் செய்திருக்கிறேன். அதற்கு முதலில் 1000 பி.பி.எம். (லிட்டருக்கு 1000 மில்லிகிராம்) ஸ்டாக் கரைசல், அதாவது பிறகு நீர்க்க வைத்துப் பயன்படுத்தும் அடர் கரைசல் வேண்டும். 2.83 கிராம் பொட்டாசியம் டைகுரோமேட்டை எடைபோட்டு ஒரு லிட்டருக்குக் கரைக்கிறோம். அந்த ஒரு லிட்டரில் ஒரு கிராம் குரோமியம் இருக்கிறது, அதுவும் முழுக்க ஆறு இணைதிறன் குரோமியம், குரோமியத்தின் நச்சு அதிகமான வடிவம். குடிநீரில் குரோமியத்துக்கு இந்தியத் தரம் அனுமதிப்பது லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். இப்போது வகுத்துப் பாருங்கள். அந்த ஒரு லிட்டர் ஸ்டாக்கைக் குடிநீர் அளவுக்கு நீர்க்க வைக்க 20,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். 12,000 லிட்டர் பிடிக்கிற தண்ணீர் லாரியில் ஒன்றரை லாரிக்கும் மேல். சிங்க் குழாயை எத்தனை நிமிடம் திறந்து வைத்தீர்கள்? இரண்டு? மூன்று?

சரி, 20,000 லிட்டரையும் திறந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த ஒரு கிராம் ஒரு கிராமாகவே இருக்கிறது. தண்ணீர் அதைக் கரைத்து வேறு இடத்துக்குக் கொண்டுபோகும், அழிக்காது. குரோமியம் ஒரு தனிமம், வெயிலில் காய்ந்தோ மண்ணில் மக்கியோ மறைந்துவிடாது. நான் பார்த்த பழைய கட்டடங்கள் பலவற்றில் சிங்க் குழாய் பின்புறம் ஒரு குழியில்தான் போய் முடிகிறது, கூப்பிடு தூரத்தில் அதே வளாகத்தின் போர்வெல் இருக்கிறது. வேறு எந்த ஊர்க்காரர் இதை மறந்தாலும் நாம் மறக்கலாமா? ராணிப்பேட்டையில் ஒரு குரோமேட் ஆலை 1990-களில் மூடியபோது விட்டுப்போன கழிவு, ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாமல் திறந்தவெளியில் குவிந்து, மழைக்கு மழை நிலத்தடி நீரில் மஞ்சளாக இறங்கியது. பாலாற்றை நாசமாக்கிய தோல் கழிவுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. நம் ஸ்காலர்கள் பலர் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை இந்த வழக்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதே கையால் மாலையில் ஸ்டாக்கை சிங்க்கில் கொட்டுகிறார்கள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

வெளித் தேர்வாளராக வைவாவுக்கு (ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வு) போகும்போது ஒரு கேள்வியை எப்போதும் கேட்பேன். "98 சதவீதம் உறிஞ்சியது என்கிறீர்கள், சந்தோஷம். உறிஞ்சிய அந்தக் கரி இப்போது எங்கே இருக்கிறது?" போன முறை ஒரு பெண் நேர்மையாகப் பதில் சொன்னார்: "டஸ்ட்பின்ல போட்டுட்டேன் மேடம்." அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான்கு வருடத்தில் ஒரு முறைகூட அதைக் கேட்காத கைடு மேல்தான் வந்தது.

சி.ஓ.டி., அதாவது கழிவுநீரின் வேதி ஆக்சிஜன் தேவையைச் சோதித்துப் பார்ப்பவர்கள் இன்னும் கவனியுங்கள். அந்தச் சின்னக் குழாயில் டைகுரோமேட்டும் அடர் கந்தக அமிலமும் மட்டும் இல்லை, மெர்குரிக் சல்ஃபேட்டும் சில்வர் சல்ஃபேட்டும் இருக்கின்றன. பாதரசம்! ஆலைக் கழிவுநீரைச் சோதிக்கிறோம் என்று, அந்தக் கழிவுநீரில் இல்லாத விஷத்தையும் நாம் சேர்த்துச் சாக்கடைக்கு அனுப்புகிறோம். இந்தக் கழிவைத் தனியாக, வேறு எதோடும் கலக்காமல் வையுங்கள்.

குரோமியக் கரைசலை என்ன செய்வது? அமிலம் சேர்த்து பி.எச். (அமில-கார அளவு) இரண்டுக்குக் கொண்டுவந்து, சோடியம் பைசல்ஃபைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மூச்சை அடைக்கும் வாயு வரும், ஃபியூம் ஹூட்டை (வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்பு) விட்டு வெளியே செய்யாதீர்கள். ஆறு இணைதிறன் குரோமியம் நச்சு குறைந்த மூன்று இணைதிறனாக மாறும்போது மஞ்சள் போய்ப் பச்சை வரும். பச்சையைப் பார்த்ததும் முடிந்தது என்று நினைக்க வேண்டாம், ஒரு சொட்டு எடுத்து டைபீனைல் கார்பசைடு என்ற சோதனைப் பொருளை விட்டுப் பாருங்கள். ஊதா வந்தால் ஆறு இணைதிறன் குரோமியம் இன்னும் மிச்சம் இருக்கிறது. அப்புறம் காரம் சேர்த்து பி.எச். எட்டு, ஒன்பதுக்கு ஏற்றி, ராத்திரி முழுக்கத் தெளிய விடுங்கள். அடியில் படிந்த சேறு, பயன்படுத்திய கரி இரண்டும் பெயர் எழுதிய டப்பாவில் மூடி, அபாயக் கழிவு எடுக்க அனுமதி பெற்ற நிறுவனத்துக்குப் போக வேண்டும். 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகள் ஆலைகளுக்கு மட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், 100 மில்லி போதும் என்றால் ஒரு லிட்டர் தயாரிக்காதீர்கள்.

பாட்டில் விஷயம். நைட்ரிக் அமிலம் பட்ட எதுவும் கரிமக் கரைப்பான் பாட்டிலுக்குள் போகக் கூடாது, ஒரு சொட்டுகூட. குளோரின் உள்ள கரைப்பானுக்குத் தனிப் பாட்டில். முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். குளோரின் உள்ள கரைப்பானான டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியில் கொதிக்கும், நம் ஊர் அக்னி நட்சத்திர வெயில் அதைத் தாண்டுகிறது. ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போகாதீர்கள். என்ன ஊற்றினீர்கள், யார், எந்தத் தேதி, மூன்றையும் ஊற்றுவதற்கு முன்னால் எழுதுங்கள். பீக்கரைக் கழுவிய முதல் தண்ணீரும் கழிவுதான், அதுவும் பாட்டிலுக்கே. உங்கள் பீக்கரை அட்டெண்டர் அண்ணனிடம் தள்ளிவிடாதீர்கள், உள்ளே என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

துப்புரவு செய்யும் அக்காவுக்கும் இரண்டே இரண்டு விஷயம் சொல்லி வையுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஆய்வகத் தரையில் ஈரம் தெரிந்தால் துடைக்க வேண்டாம், கதவைச் சாத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். மேலே பட்டால் உடனே குழாய்த் தண்ணீர், பதினைந்து நிமிடம், பிறகுதான் மற்றதெல்லாம். அந்த அம்மாவிடம் இதை யாரும் சொல்லியிருக்கவில்லை. நொண்டிக்கொண்டே வராந்தாவில் உட்கார்ந்து, முதலில் வந்த ஸ்காலரிடம் "கண்ணு, நான் எதையும் உடைக்கல" என்றுதான் சொன்னாராம்.

எங்கள் துறையில் ஸ்காலர் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது நோ டியூ படிவம் (பாக்கி எதுவும் இல்லை என்ற சான்று) என்னிடமும் வரும். முன்பெல்லாம் மேசையிலிருந்தே கையெழுத்துப் போட்டேன். இப்போது அவர்களோடு நடந்துபோய், பெஞ்சுக்கு அடியில் குனிந்து, ஒவ்வொரு பாட்டிலாக வெளியே எடுக்கச் சொல்லி, லேபிளைப் படித்த பிறகுதான் போடுகிறேன்.