மொட்டை மலையின் சூடும் தூங்கி எழுந்த தொலைநோக்கியும்

எங்கள் வேலூரைச் சீண்ட ஒரு பழைய பேச்சு உண்டு: தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்ததும் கடைசிக் குறை தீர்ந்தது. மலை மட்டும் மொட்டையாகவே நிற்கிறது. மே மாதம் ராத்திரி எட்டு மணிக்கு, அடிவாரத்து மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்துப் பாருங்கள். இருட்டில் பாறை தெரியாது; எந்தப் பக்கம் இருக்கிறது என்று கன்னம் சொல்லிவிடும். பகலெல்லாம் வாங்கிய வெயிலைப் பாறை அகச்சிவப்புக் கதிராக வெளியே விட்டுக்கொண்டிருக்கும்.

பூமிப் பக்கம் வரும் சிறுகோள்களை இப்படித்தான் கன்னத்தால் பார்க்க வேண்டும். ஏன், கண் போதாதா? பழைய வட ஆர்க்காட்டின் ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தில் 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். 4130 ராமானுஜன் என்று பெயர். கல் மேல் பட்டுத் திரும்பிய சூரிய ஒளிதான் அதைக் காட்டிக்கொடுத்தது. ஆனால் அந்த ஒளி கல்லின் அளவைச் சரியாகச் சொல்லாது. நூற்றுக்கு 20 பங்கு ஒளியைத் திருப்பும் 100 மீட்டர் கல்லும், 5 பங்கே திருப்பும் 200 மீட்டர் கரிக்கல்லும் ஒரே புள்ளியாகத்தான் தெரியும். விட்டம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்கு. தலையில் விழப்போவது எது என்பதில் இது சின்ன விஷயமா? வெப்பத்தில் இந்த ஏமாற்று நடக்காது. கறுத்த கல் வெயிலை நன்றாக வாங்கி நன்றாகவே கக்கும்.

2009 டிசம்பரில் நாசா அனுப்பிய வைஸ் விண்கலத்துக்குச் சிறுகோள் முக்கிய வேலையே அல்ல. 40 செ.மீ. தொலைநோக்கியால் வானம் முழுவதையும் அகச்சிவப்பில் படமெடுக்கப் போனது. தானே சூடாக இருந்தால் பிறர் சூடு தெரியாது என்பதால், உறைந்த ஹைட்ரஜனில் அதைக் குளிரவைத்திருந்தார்கள். 2010இல் அது தீர்ந்தது. அது பார்த்த நான்கு அலைவரிசைகளில் அலைநீளம் அதிகமான இரண்டும் போயின; 2011இல் கலத்தைத் தூங்கவைத்தார்கள்.

2013இல் சிறுகோள் தேட எழுப்பியபோது செய்த வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. புது ஐஸ் அனுப்ப வழியில்லை. சூரியனுக்கும் பூமிக்கும் முகம் காட்டாமல் இருண்ட வெளியைப் பார்த்துத் திருப்பிவைத்தார்கள், அவ்வளவே. தன் சூட்டைத் தானே வெளியே விட்டு, மைனஸ் 198 டிகிரி வரை இறங்கியது. மிச்சமிருந்த இரண்டு அலைவரிசைகளுக்கு அந்தக் குளிர் போதும். தூரத்து மங்கல் பொருள்களுக்கு அவை போதாமல் போகலாம். சூரியனுக்குப் பக்கத்தில் காய்ந்து வரும் கற்களுக்குத் தாராளம். நியோவைஸ் என்ற புதுப் பெயரில் 2024 ஜூலை வரை உழைத்தது. எஞ்சின் இல்லாததால் மெல்ல இறங்கி, அந்த நவம்பரில் காற்றுமண்டலத்தில் எரிந்தது.

இன்னொரு கலம் நேரில் போய்ப் பார்க்கப் போகிறது. பென்னு சிறுகோளின் மண்ணை 2023 செப்டம்பரில் பூமியில் இறக்கிவிட்டுப் போன ஒசைரிஸ்-ரெக்ஸ், இப்போது ஒசைரிஸ்-அபெக்ஸ். இலக்கு அபோபிஸ் என்ற சிறுகோள். நம் நேரப்படி 2029 ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள் விடியற்காலை மூன்றேகால் மணிவாக்கில், டிவி செயற்கைக்கோள்களைவிடத் தாழ்வாக, சுமார் 32,000 கி.மீ. உயரத்தில் அது பூமியைக் கடக்கும். மோதாது. பூமியின் இழுப்பில் கல் எப்படிக் குலுங்கியது என்று அபெக்ஸ் பின்தொடர்ந்து பார்க்கும்.

ஆனால் போகிற வழி சூரியனை ஒட்டியது. பூமியில் படுவதைப்போல் நாலு மடங்கு வெயில். கலம் அதற்காகக் கட்டப்பட்டதல்ல. ஒரு சூரியத் தகட்டை மடக்கி, நாம் தலையில் துண்டு போடுகிற மாதிரி, கருவிகளுக்கு நிழல் கொடுத்தார்கள். 2024 ஜனவரி 2 அன்று அப்படி முதல்முறை கடந்தது. பிறகு சோதித்தால், ஒரு கேமராவில், பெரும்பாலும் சூரியனிலிருந்து வரும் உயர் ஆற்றல் கதிர் பட்டுச் சேர்ந்திருந்த வெள்ளைப் புள்ளிகளில் 70 சதவீதம் காணோம். வெயிலில் காயப்போட்ட மெத்தை மாதிரி ஆகியிருந்தது கேமரா.